நான் மூடிய இடைவெளி

“நீங்கள் படத்தைப் பாக்கிறீங்களோ, இல்லாட்டி அதிலை பிழையைத்தான் தேடுறீங்களோ?”

யாழ்ப்பாணத்திலிருந்து தர்சினி இதை எழுதியபோது நான் நாகப்பட்டினத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பதில் தட்டச்சு செய்வதற்குள் அவள் எங்கள் படக்குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

ஊரடங்கு நாட்களில் தொடங்கிய குழு அது. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம் போட வேண்டும். மற்றவர்கள் குறைந்தது மூன்று வரி கருத்து எழுத வேண்டும். ‘அருமை’, ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதினால் நீக்கிவிடுவார்கள். என் முதல் படம், அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது. அதற்குத் தர்சினி எழுதிய முதல் கருத்து இப்போதும் நினைவிருக்கிறது: “உங்கடை ஊரிலை ஐஸ் நீலமோ?” நான்தான் நீலத்தை ஏற்றியிருந்தேன். அழுதுகொண்டே இறக்கினேன். நீலம் போனதும் அப்பாவின் கையில் இருந்த வெட்டுக் காயங்கள் தெரிந்தன.

அப்படி மூன்று வருடம். அவளுடைய கோணல் தொடுவானங்களை நான் நிமிர்த்தினேன், என் பளபளப்புகளை அவள் குறைத்தாள். எழுத்தில் அடங்காததைக் குரல் பதிவாக அனுப்பிக்கொள்வோம். உடைந்த கண்ணாடியோடு இருந்த என் பழைய கைப்பேசியில், ஞாயிறு சாயங்காலம் அவள் பெயர் மின்னும்போது ஒரு பயம் வரும். இன்று என்னிடம் நல்ல கைப்பேசி இருக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் ஏங்குகிறேன். அவள் போன பிறகு என் படங்களைக் குழுவில் எல்லோரும் மூன்று வரியில் பாராட்டினார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் அட்டையில் அப்பா பெயரில் இருந்த எழுத்துப் பிழையை ஏழாம் வகுப்பில் நானே கண்டுபிடித்து, மனு எழுதி, தாலுகா அலுவலகம் போய்த் திருத்தி வாங்கினேன். அதிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். எது தப்பு என்று நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அதனால்தான் தர்சினியின் கேள்வி அப்படிச் சுட்டது.

எங்கள் ஊரிலிருந்தே யாழ்ப்பாணக் கரையில் உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் போகத் தொடங்கியதும், மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று அவளுக்கு எழுதினேன். “வாங்கோ. எங்கடை வீட்டைதான் நிக்கவேணும்” என்று பதில் வந்தது. மரியாதையான பதில். கோபம் போய்விட்டதா என்று அதில் தெரியவில்லை. அவள் ஏன் விலகினாள் என்று கேட்க வேண்டும், அவளைத் திரும்பக் குழுவுக்குக் கூட்டிவர வேண்டும். நான் போனது அதற்குத்தான்.

கடற்கரையில் பிறந்தவளுக்குக் கப்பலில் குமட்டாது என்று நினைத்திருந்தேன். பாதி வழியில் அந்த நினைப்பு போனது. பக்கத்தில் துணிமூட்டைகளோடு இருந்த வியாபாரி அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் அழுத்தி, “கடலைப் பாக்காத, எதிர்ல இருக்கிற ஆளைப் பாரு” என்றார். எதிரில் இருந்த ஆளும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அக்கரையில் பழைய சிமென்ட் ஆலையின் கோபுரங்கள் தெரிந்தபோதுதான் தலை நின்றது.

துறைமுகத்திலிருந்து போன பஸ்ஸில் எனக்கு முன்னால் இலங்கையின் தெற்கிலிருந்து வந்த கணவன் மனைவி. கைப்பேசியில் தங்கள் படங்களைப் பார்த்துச் சிங்களத்தில் வாதாடினார்கள். என் அருகில் இருந்த தபால்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார். “அவ கேக்கிறா, ‘கடலைக் காட்டத்தானே இவ்வளவு தூரம் வந்தது, எல்லாத்திலையும் உன்ரை மூஞ்சை நிக்குது, கடல் எங்கை?’ எண்டு. அவர் சொல்லுறார், ‘கடல் எங்கையும் போகாது, நான் இளமையா இருக்கிறது இப்பதான்’ எண்டு.” எங்கள் குழுவில் அவர்களைச் சேர்த்திருக்கலாம்.

தபால்காரரோடு பேசிக்கொண்டு வந்ததில் தர்சினியின் ஊரான மானிப்பாயில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்து வந்தால், பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தர்சினி நின்றாள். என் வயது, என்னைவிடச் சிறிய உருவம்.

“குரலைக் கேட்டு நீங்கள் நல்ல உயரம் எண்டு நினைச்சன்” என்றாள். “ஏறுங்கோ” என்று சைக்கிளின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

எங்கள் ஊரில் சைக்கிள் பள்ளிப்பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. அங்கே சேலை கட்டிய ஆசிரியைகளும் நிமிர்ந்து மிதித்துப் போகிறார்கள். நான் பின்னால் ஏறிய நூறடியில் என் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இருவரும் ஒரு மதகின் மேல் சாய்ந்து விழுந்தோம். கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. கிரீஸ் பட்ட துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தர்சினி சிரித்தாள். நான் கேட்டு எட்டு மாதமான சிரிப்பு அது.

புது வீடு. பிரான்சில் இருக்கும் அவள் அண்ணன் ரூபன் அனுப்பிக் கட்டியது. வாசலில் அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குறை சொல்லுற பிள்ளை இதுவோ?”

“அம்மா, சும்மா இருங்கோ” என்றாள் தர்சினி.

“ஏன், நல்ல தொழில்தானே. வாங்கோ பிள்ளை, கை கால் கழுவுங்கோ.”

இரவுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மீன்பொரியலும். எங்கள் வீட்டில் புட்டு என்றால் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அங்கே அதுவே ராச்சாப்பாடு. பால்கறியில் குழைத்துச் சாப்பிட்டபோது, இதைச் சர்க்கரையோடு வீணாக்கிய வருடங்களை எண்ணிப் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு அம்மா என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். வரிசையாக மூன்று குடும்பப் படங்கள். மூத்த மகளின் கல்யாணம், பேரனின் முதல் பிறந்தநாள், தர்சினியின் பட்டமளிப்பு. மூன்றிலும் ரூபன் இருந்தார். மூன்றிலும் ஒரே முகம். இருபத்துமூன்று வயதில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த முகத்தை ஸ்டூடியோவில் வேறு வேறு சட்டைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். சுற்றியிருந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனது, அவருக்கு மட்டும் ஏறவில்லை.

“எப்பிடி இருக்கு? சொல்லுங்கோ.”

“நல்லா இருக்கும்மா.”

“உங்களுக்குப் பொய் வராது எண்டு இவள் சொன்னவள்.”

நான் பிறந்தநாள் படத்தைக் காட்டினேன். “இதுல அவருக்குக் கால் இல்லைம்மா.”

அம்மா அடக்க முடியாமல் சிரித்தார். “ஓம். பேரனும் கேட்டவன், மாமா ஏன் பறக்கிறார் எண்டு.”

மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு ஆணி மட்டும் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அம்மா பார்த்தார். “அது குடிபூரல் படத்துக்கு அடிச்சது” என்றார். அங்கே புதுமனை புகுவதைக் குடிபூரல் என்பார்கள். “நீங்கள் திருத்தின படம்.” தர்சினி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் தர்சினி குழுவில் போட்டது. புது வீட்டு வாசலில் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தர்சினியும் அக்கா குடும்பமும், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். ‘இதை எப்படிச் சரிசெய்யலாம்?’ என்று மட்டும் கேட்டிருந்தாள். நான் எழுதினேன்: நடுவில் கண் நிற்க ஒன்றுமில்லை, ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகிறார்கள், அம்மாவின் கை அந்தரத்தில் தொங்குகிறது. எழுதியதோடு நிற்கவில்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அம்மாவை நகர்த்தி, இடைவெளியை மூடி, கையை அழித்து, தரையின் ஓடுகளைப் பொருத்திப் போட்டேன். குழுவில் அதுவரை எதற்கும் கிடைக்காத பாராட்டு. மறுநாளே தர்சினி விலகினாள்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் வட்டுக்கோட்டைப் பக்கம் வயல்வெளிக்குப் போனோம். இம்முறை எனக்கும் ஒரு சைக்கிள் இரவல் வாங்கியிருந்தாள். வெங்காயப் பாத்திகளுக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. தர்சினி குந்தி உட்கார்ந்து வாய்க்காலை எடுத்தாள். கொஞ்சம் இடப்பக்கம் போனால் வாய்க்காலின் நடுவில் பனைமரம் முளைத்தது போலத் தெரியாது என்று நாக்கு வரை வந்ததை விழுங்கினேன்.

“சொல்லுங்கோ” என்றாள், திரும்பாமல். “நீங்கள் கதைக்காமல் நிக்கிறது எனக்குப் பயமாக்கிடக்கு.”

“இடதுபக்கம் ரெண்டு அடி.”

நகர்ந்தாள், எடுத்தாள், பார்த்தாள். “ஓம்” என்றாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து அவளே சொல்லத் தொடங்கினாள்.

“எங்கடை பக்கம் குடும்பப் படம் எடுக்கேக்கை, வெளிநாட்டிலை இருக்கிற ஆளுக்கு இடம் விட்டுத்தான் நிப்பம். பேந்து ஸ்டூடியோவிலை அந்த ஆளை வைப்பினம். இஞ்சை எல்லாருக்கும் தெரியும். நான் அதை உங்களுக்கு எழுதேல்லை.”

வரப்பு மண்ணைக் கிள்ளிப் போட்டபடி தொடர்ந்தாள்.

“அண்ணைக்கு அங்கை இன்னும் விசாப் பேப்பர் சரிவரேல்லை. வர ஏலாது. அதைக் குழுவிலை எழுதவும் ஏலாது. அந்தப் பழைய மூஞ்சையை இன்னொருக்கா ஒட்ட எனக்கு விருப்பமில்லை. இப்ப இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ எண்டு மாசக்கணக்கா கெஞ்சினன். கடைசியிலை ஓம் எண்டவர். வேறை வெளிச்சத்திலை எடுத்த ஆளை எப்பிடிச் சேக்கிறது எண்டு கேக்கத்தான் படத்தைப் போட்டனான்.”

“நான் மூடிட்டேன்.”

“மூடினது பறவாயில்லை, அழிக்கச் சொல்லி உங்களுக்கு எழுதியிருப்பன். அக்காவின்ரை மனுசன் என்ரை போனிலை இருந்து அதை எடுத்து வீட்டுக் குழுவிலை போட்டிட்டார், எவ்வளவு வடிவு பாருங்கோ எண்டு. அண்ணை பாத்திட்டு எழுதினார், ‘இதுதான் சரி, நான் இல்லாமலே நிறைஞ்சு கிடக்கு, இதையே மாட்டுங்கோ’ எண்டு. அதோடை படம் அனுப்புற கதையை விட்டிட்டார். அம்மா மாட்ட மாட்டன் எண்டிட்டா. ஆணி மட்டும் நிக்குது.”

எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் முதலில் வாயில் வந்தது. சொல்லவில்லை. நீ எழுதியிருக்கலாமே என்பது அடுத்து வந்தது. அதையும் விழுங்கினேன். என் படத்தில் யாராவது குறை சொன்னால் முதல் அரைமணி நேரம் எனக்கு இப்படித்தான் ஓடும். அரைமணி கழித்துத்தான் படத்தைத் திறப்பேன்.

“அந்தப் பழைய படத்தைக் காட்டு” என்றேன். ஒருமையில் கேட்டுவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவளும் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல இருந்தாள்.

பனைமர நிழலில் வைத்துப் பெரிதாக்கினோம். அந்தக் கையை என்னைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. விரல் விரலாக அழித்தவள் நான். அது தொங்கவே இல்லை. முழங்கை மடங்கி, விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி, அம்மாவின் காது உயரத்தில் நின்றது. அப்போதுதான் அது எதன் மேல் இருக்கும் கை என்று பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தேத்தண்ணியும், காரக்கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும். எங்கள் ஊரில் டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பெண்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து யார் வீட்டுப் பெண் என்று கேட்டிருப்பார்கள். இங்கேயும் கேட்டார்கள். “இந்தியாவிலை இருந்து வந்த என்ரை சிநேகிதி” என்றாள் தர்சினி. அந்தச் சொல்லை அவள் சொன்னதும் ரோல்ஸின் காரம் கண்ணில் ஏறியது.

“உன் அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?” என்று கேட்டேன்.

“அவர் கோவக்காரன். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது.”

அன்று ஞாயிறு, அவருக்கு ஓய்வு நாள். எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம், அவருக்கு மத்தியானம். திரையில் குளிர்த் தொப்பி போட்ட ஒரு மெலிந்த மனிதர். சுவரில் இருந்த மூன்று முகங்களில் எதையும் அவரோடு பொருத்த முடியவில்லை.

“ஓ, நீங்கள்தானோ அந்த ஆள்? நல்ல வேலை செய்தனீங்கள்.”

“நான் செஞ்சது தப்பு” என்றேன். இந்த வாக்கியத்தை நான் அதிகம் சொன்னதில்லை.

“ஏன், வடிவாத்தானே கிடக்கு.”

“வடிவுதாங்க. ஆனா அதுக்கு உங்க அம்மா கையை அழிக்க வேண்டியிருந்துச்சு. பழைய படத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்க.”

“அது எனக்குத் தெரியும்தானே.”

“கையை மட்டும் பாருங்க.”

அவர் குனிந்து வேறு எதையோ தட்டினார். பார்க்கிறாரா, இல்லையா என்று தெரியவில்லை. பிறகு, “அவ ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறா?” என்றார்.

சமையலறைக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வெளியே வந்தார். “உன்ரை தோளிலை. வேறை எங்கை? இவள் தும்புத்தடியை நட்டுவைச்சு, அண்ணையின்ரை தோள் இந்த உயரம், இதிலை வையுங்கோ எண்டாள். வைச்சன். பேந்து தடியை எடுத்துக்கொண்டு போயிட்டாள். கமெரா கிளிக் எண்டுமட்டும் வெறும் காத்திலை கையை வைச்சுக்கொண்டு நிண்டனான். ரெண்டு நாள் தோள்மூட்டு உளைவு.”

“தும்புத்தடியோ? வீடு கூட்டுற தடியோ?”

“புதுத் தடி. கூட்டாத தடி.”

ரூபன் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று சொல்ல முடியாது. தர்சினி கைப்பேசியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள், என்னைக் காட்டாமல் அம்மாவைக் காட்டும்படி.

“என்ரை தலையைப் பாத்தனீங்களோ அம்மா?” என்று தொப்பியைக் கழற்றினார். நெற்றி உச்சி வரை ஏறியிருந்தது.

அம்மா கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். “உன்ரை கொப்பருக்கு உந்த வயசுக்கு முதலே தலைமயிர் கொட்டிப் போட்டுது” என்றார், அவருடைய அப்பாவைச் சொல்லி. “சாப்பிட்டனியோ?”

பிறகு கால்மணி நேரம் அரிசி, குளிர், முழங்கால் வலி. படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வைக்கும் முன் என் பக்கம் திரும்பி, “பாப்பம்” என்றார். அவ்வளவுதான்.

“அண்ணை ‘பாப்பம்’ எண்டால் பெரும்பாலும் மாட்டார்” என்றாள் தர்சினி. “ஆனால் தொப்பி கழட்டி இவ்வளவு நாளிலை நான் பாக்கேல்லை.”

மூன்றாம் நாள் மத்தியானம் கப்பல். குடிபூரல் படம் எடுத்தது காலை ஒன்பது மணிக்கு என்று கைப்பேசியில் பதிவாகியிருந்தது. சரியாக ஒன்பது மணிக்கு அதே தும்புத்தடியை வாசலில் நட்டோம். நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் விழுகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். தர்சினி கைப்பேசியை அன்று வைத்த உயரத்தில் வைத்தாள், அவள் நெஞ்சுக்கு நேர். “அம்மா, வந்து கையை வையுங்கோ.” “திரும்பவுமோ?” என்றபடி வந்து வைத்தார்.

காங்கேசன்துறையில் காத்திருக்கும் இடத்தில், கிழிந்த துப்பட்டாவை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு செய்திகள் எழுதினேன். முதலாவது குழுவுக்கு. நான் திருத்திய படத்தை, அத்தனை பாராட்டோடும் நீக்கினேன். ‘கேட்டது என்னவென்று விசாரிக்காமல் திருத்தினேன். இந்தப் படத்தில் இருந்த இடைவெளி எடுத்தவர் வேண்டும் என்றே விட்டது. என் கருத்து தவறு’ என்று என் பெயரோடு எழுதினேன். நான்கு தடவை அடித்து அழித்து எழுதியும் அது அழகாக வரவில்லை. அப்படியே போட்டேன்.

இரண்டாவது ரூபனுக்கு. சன்னல் வெளிச்சம் இடப்பக்கம் வர வேண்டும். கைப்பேசியை எடுப்பவரின் நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பாதம் வரை தெரிய வேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் எதையும் போடாதீர்கள். இடது தோளைக் கொஞ்சம் தளர விடுங்கள், அதன் மேல் பாரம் இருப்பது போல.

கப்பல் ஏறும் வரை பதில் வரவில்லை. தர்சினி துறைமுகத்து வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்று கையாட்டினாள். குழுவுக்குத் திரும்ப வருவாளா என்று நான் கேட்கவே இல்லை. திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தது. எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. இதை எழுதும்வரை ரூபனிடமிருந்து படம் வரவில்லை. பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி மட்டும் விழுந்திருக்கிறது. தர்சினி ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் படத்தை எனக்கு மட்டும் அனுப்பி, ‘மூண்டு வரி’ என்று எழுதியிருந்தாள். ஐந்து வரி எழுதினேன். முதல் வரி ஒரு கேள்வி.

நேற்றுச் சாயங்காலம், பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததும், அவள் கொடுத்த மூலப் படத்தைக் கணினியில் திறந்தேன். படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்களை வைப்பது போல லேயர்களாகப் பிரித்துக்கொள்ளலாம். அம்மாவின் கையை மட்டும், விரல் விரலாக, மிகப் பொறுமையாக வெட்டி எடுத்து மேல் லேயரில் வைத்தேன். வீடும் மற்றவர்களும் அடியில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வெற்றாக ஒரு லேயரைத் திறந்து, அதற்கு ‘ரூபன்’ என்று பெயரிட்டுச் சேமித்துவிட்டேன்.